நுரையீரல் வேண்டாத ஒலி

பொலிவியா மலைநாட்டில் ஏழை மாணவர் விடுதி ஒன்று. அதன் சமையலறைக்கு ஓர் ஊழியரை அனுப்பத் திருச்சபையின் சேகரக் கமிட்டி முடிவு செய்ததும், முதலில் பெயர் கொடுத்தவள் பரிபூரணம். ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில், பஞ்சுப் பொதியை உடைக்கும் புளோரூமில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவள். பஞ்சு பறக்காத காற்றை நெஞ்சு நிறைய இழுத்துவிட வேண்டும். அவள் கேட்ட சொர்க்கம் அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்று கமிட்டி அவள் பெயரை அடித்தது. அவள் வேலை செய்யும் ஆலையின் முதலாளி சின்னத்துரையின் மகன் பெனினை எழுதிக்கொண்டது. பட்டதாரி, வெங்காயம் நறுக்கியறியாத திருக்கரங்கள். ‘ஆண்டவர் முன் அனைவரும் சமம்’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலய மண்டபத்தில்தான் இந்தச் சமத்துவம் அரங்கேறியது.

மிச்சமிருந்த ஒரே தடை, அங்கே பேசும் அய்மாரா மொழி. அதற்கான ஆசிரியை மடிக்கணினித் திரையில் தோன்றி, ரொட்டிக்கு உரிய சொல்லைச் சொல்லிக் காட்டினார். அதில் வரும் ‘த்’ என்னும் தகரம் நம் தகரமன்று. நாக்கைப் பல்லில் அழுத்தி, தொண்டையையும் இறுக மூடி, இடையில் சிறைப்பட்ட காற்றை மட்டும் பட்டென வெடிக்கவிட வேண்டும். நுரையீரலுக்கு அதில் வேலையே இல்லை.

பெனின் ஊதினான், இருமினான், கண்ணில் நீர் வர மீண்டும் ஊதினான். ஆசிரியை ஆங்கிலத்தில் சொன்னதைப் போதகர் தமிழாக்கினார்: “மூச்சு விடாதே என்கிறார், தம்பி.”

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பரிபூரணத்துக்குப் பொறுக்கவில்லை. அவள் வாயில் அந்தத் தகரம் பட்டாசாய் வெடித்தது. திரையிலிருந்த ஆசிரியை கைதட்டினார்.

“ஏட்டி, இதை எங்க படிச்ச?” என்றார் சின்னத்துரை.

“உங்க மில்லுலதான் மொதலாளி. மூச்சு விட்டா பஞ்சு உள்ள போயிரும்லா? அதான் மூச்சை அடக்கிக்கிட்டே, கூட வேலை பாக்குற பாண்டிசெல்விக்குச் சத்தம் குடுப்பேன். தகரம் வெடிச்சா கையை எடு. ககரம் வெடிச்சா மிசினை நிப்பாட்டு.”

கமிட்டி கூடிக் குசுகுசுத்து, அரிய தீர்ப்பொன்றை வழங்கியது: சொல்லிக்கொடுப்பவள் பரிபூரணம், விமானம் ஏறுபவன் பெனின்.

“சரிங்க” என்றாள் அவள். “நாளைக்குக் காலை ஷிப்டுக்குத் தம்பியை அனுப்புங்க. நான் படிச்ச எடத்துல வச்சாத்தான் எனக்குச் சொல்லிக்குடுக்க வரும்.”

சின்னத்துரை துள்ளி எழுந்தார். “அந்தத் தூசியிலயா? எம்பிள்ளை நெஞ்சு என்னத்துக்காகும்?”

முகக்கவசமும் தூசி உறிஞ்சும் விசிறியும் கேட்டு அவள் கொடுத்த நான்கு மனுக்களிலும், ‘ஆலையில் தூசி இல்லை’ என்று கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட வள்ளல் அவரே.

செயலாளர் பென்சன் தீர்மானப் புத்தகத்தைப் பிரித்தார். “மொதலாளி, தூசின்னு இப்பச் சொன்னதை எழுதிக்கிடட்டுமா?”

சின்னத்துரை மறுபடி உட்கார்ந்தார். “அது எதுக்கு? அவ பேரையே எழுதும். போகட்டும்.”

“ரெண்டையும் எழுதுங்க” என்றாள் பரிபூரணம். “நான் போயிருவேன். பாண்டிசெல்வி இன்னும் உள்ளதான் இருக்கா.”