தண்ணீர் இழுக்காத துணிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருக்கும். அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹெப்சி அக்கா வீட்டு வாசலில் நான் போட்ட சத்தம் இருக்கிறதே, நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

என் பெயர் குமரேசன். குடியிருப்பது சிட்லபாக்கத்தில். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் செய்கிற வேலை. மகள் தமிழினிக்கு ஏழு மாதம். கடை டயப்பர் அவளுக்கு ஆகவே ஆகாது. இரண்டு மணி நேரம் போட்டாலே தொடையிடுக்கு செக்கச்செவேலென்று ஆகிவிடும். அதனால் துணி டயப்பர்தான், மொத்தம் பதினெட்டு. ‘துவைக்கிறது என் பொறுப்பு’ என்று என் மனைவி தேவதர்ஷினியிடம் முதல் நாளே வீரமாகச் சொல்லிவிட்டேன். சொன்னபடி செய்தும் காட்டினேன். ஆய் போனதை முதலில் பீய்ச்சிக் கழுவி, ஊறவைத்து, அலசி, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு, மடித்து அடுக்கி வைப்பேன். என் மாமியாரே மூக்கின்மேல் விரல் வைத்தார்.

தர்ஷினிக்குக் கிண்டியில் வேலை. பிரசவ லீவுக்கு மேல் ஒரு மாதம் கெஞ்சி வாங்கியாயிற்று. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள். குழந்தையை விடுவதற்காகக் குரோம்பேட்டைப் பக்கம் ஐந்து கிரெச் ஏறி இறங்கினோம். துணி டயப்பர் என்றதுமே ‘சாரி சார்’ என்று கையை விரித்துவிட்டார்கள். அஸ்தினாபுரத்தில் தன் வீட்டிலேயே எட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஹெப்சி அக்கா மட்டும், “ஒரு வாரம் விட்டுப் பாருங்க தம்பி, சரியா வந்தா வெச்சுக்கறேன்” என்றார்.

வீட்டில் வேட்டித் துணி லங்கோடு, டயப்பர் எல்லாம் கிரெச்சுக்கு என்று ஒதுக்கினோம். அங்கேதான் எனக்குப் பெருமை தலைக்கேறியது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்த துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு இப்படியா அனுப்புவது? தண்ணீரைப் பற்றி எனக்கா சொல்லித் தர வேண்டும்! துணியை மிருதுவாக்குகிற வாசனைக் கண்டிஷனர் ஒரு பாட்டில் வாங்கி, ஒவ்வொரு முறையும் கடைசி அலசலில் தாராளமாக ஊற்றினேன். துணி பூப்போல ஆனது. தினம் ஆறு மடித்துப் பையில் வைத்து அனுப்பினேன்.

முதல் நாளே தமிழினி கவுன் ஈரத்தோடு வந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடப் போனபோது ஹெப்சி அக்காவே பேச்சை எடுத்தார். “தம்பி, அந்தத் துணில நிக்கவே மாட்டேங்குது. மாட்டின கொஞ்ச நேரத்துல பாய் வரைக்கும் ஓடுது, பக்கத்துல படுத்திருக்கற குழந்தையும் நனையுது.”

“மாத்தாம அப்படியே போட்டுட்டு டிவி பார்த்துகினு இருந்தா ஓடாம இன்னா பண்ணும்? துணிமேல பழிய போடாதீங்க!” என்று கத்தினேன்.

குழந்தைகளைக் கூப்பிட வந்த இரண்டு அம்மாக்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஹெப்சி அக்கா தமிழினியை என் கையில் கொடுத்தார், பையைக் கொடுத்தார். “திங்கக்கிழமைலேந்து கூட்டிட்டு வராதீங்க” என்று கேட்டைச் சாத்தினார்.

“உங்க வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க!” என்று, வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் தர்ஷினி கத்தினாள். பிறகு கத்தவும் தெம்பில்லாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். “ஏழு மாசமா இந்த நாலு சுவத்துக்குள்ள கிடந்தேங்க. அந்த வேலை எனக்கு வேணும். போச்சு, எல்லாம் போச்சு.” ஆனாலும் தப்பு அந்த அக்காமேல்தான் என்று சாதித்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஃபில்டரைக் கழற்றினேன். கை தவறித் தண்ணீர் சமையலறைத் தரையெல்லாம் கொட்டிவிட்டது. அவசரத்துக்கு அடுக்கிலிருந்து ஒரு டயப்பரை இழுத்துத் துடைத்தேன். தண்ணீர் துணிக்குள் போகவில்லை. நான் தள்ளத் தள்ள முன்னால் ஓடியது. துணியைத் திருப்பிப் போட்டு ஒரு கரண்டித் தண்ணீர் விட்டேன். அது கோலிக்குண்டு மாதிரி உருண்டு மேலேயே நின்றது.

அடப்பாவி! மாதம் நாற்பது வீட்டில் அடைத்துப்போன ஃபில்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘பிசுக்கு படிஞ்சா தண்ணி எப்படி சார் இறங்கும்?’ என்று வகுப்பெடுக்கிறவன் நான். துணியை மிருதுவாக்கிய அதே கண்டிஷனர் பிசுக்கு, அதைத் தண்ணீர் இழுக்கவிடாமல் செய்திருக்கிறது. என் குழந்தையை நனைத்தது நான்தான்.

தர்ஷினியிடம் சொன்னேன். அவள் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். அதில் பாத்திரம் கழுவுகிற சோப்பு நீரைக் கொஞ்சம் விட்டு டயப்பர்களைத் துவைத்து, நுரை வருவது நிற்கும்வரை ஆறு தடவை அலசினேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. ஒரே ஒரு டயப்பரை மட்டும் துவைக்காமல் தனியாக எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மற்ற பதினேழும் பழையபடி அப்பளமாகக் காய்ந்தன. தண்ணீர் விட்டால், விட்ட இடம் தெரியாமல் உள்ளே இழுத்தன.

திங்கட்கிழமை காலை தர்ஷினி ஆபீஸ் புடவை கட்டிக்கொண்டாள். “நீங்க அந்த அக்காகிட்ட போய்க் கேட்டுட்டு போன் பண்ணுங்க, நான் குரோம்பேட்டை ஸ்டேஷன்ல நிக்கறேன். வேணாம்னுட்டாங்கன்னா வீட்டுக்குத் திரும்பி வந்துடறேன்” என்றாள்.

ஹெப்சி அக்கா கேட்டைப் பாதிதான் திறந்தார். வெள்ளிக்கிழமை பார்த்த அந்த இரண்டு அம்மாக்களும் அங்கேதான் நின்றார்கள். சரி, இவர்கள் முன்னால்தானே கத்தினேன் என்று, தமிழினியை இடுப்பில் வைத்துக்கொண்டே படியில் துவைத்தது ஒன்று, துவைக்காமல் வைத்தது ஒன்று என இரண்டு துணியையும் விரித்தேன். இரண்டிலும் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். ஒன்றில் உருண்டு வழிந்தது. இன்னொன்றில் காணாமல் போனது.

“வாசனையா இருக்கட்டும்னு நான் ஊத்தினதுதான்க்கா இப்படி ஆக்கிடுச்சு. தப்பு என்மேலதான். மன்னிச்சுருங்க.” அப்பாவிடம்கூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அக்கா குனிந்து இரண்டு துணியையும் தொட்டுப் பார்த்தார். “உள்ள வா” என்றார்.

பின்கட்டில் ஒரு கொடி. கொடி நிறைய நீலப் பருத்திப் புடவைத் துண்டுகள், சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்துக் காயப்போட்டிருந்தன.

“நீ குடுத்த ஆறுல அஞ்சு, காலைல பத்து மணிக்கே தீர்ந்துடும். ஒண்ண மட்டும் நீ வர்ற நேரத்துக்கு மாட்டிவிட எடுத்து வெச்சுட்டு, மத்த நேரமெல்லாம் என் புடவையக் கிழிச்சுதான் கட்டினேன். டிவியாம், டிவி! இந்த வூட்ல டிவியே கிடையாது.”

“சொல்லியிருக்கலாமேக்கா...”

“நீ எங்க பேச விட்ட?”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குள் தமிழினி அந்தக் குரலைக் கேட்டுத் துள்ளிக்கொண்டு அவர் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். அக்கா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பையக் குடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லேட் பண்ணாத.”

தெருவுக்கு வந்து தர்ஷினிக்குப் போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். பின்னால் பிளாட்பாரச் சத்தம்.

“வாங்கிக்கிட்டாங்க” என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“மூணு வண்டிய விட்டுட்டு நிக்கறேங்க” என்றாள். “இதோ வருது, ஏறிக்கறேன்.”