பதினெட்டாம் தேதி வரைக்கும் வாரண்டி

"படுக்க வெக்காதீங்க! படுத்தா மூச்சு நிக்குது!" என்று கத்திக்கொண்டே கோகிலவாணி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் தலையணையைத் திணித்தாள். பக்கத்து வீட்டு டக்ளஸின் ஜீப்பில், முன் சீட்டில் பரமசிவனை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து நெஞ்சுவலி. அவள் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு அவர் நெஞ்சைத் தேய்த்துவிட்டாள். சட்டையெல்லாம் வேர்வை, அந்தக் குளிரில்.

கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்தான். ஆனால் இரண்டாவது வளைவிலேயே ஜீப் நின்றுவிட்டது. ராத்திரிக் காற்றில் சில்வர் ஓக் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ரோட்டின் குறுக்கே கிடந்தது. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம் என்று நாலு பேர் முயன்றார்கள். கிளைகளுக்குள் நாலடி போவதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. பதறிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கமிருந்து வேறு வண்டி கொண்டுவர ஒருவன் அரவேணுவுக்கு ஓடியிருந்தான். போய் ஒரு மணி நேரம் ஆயிற்று, ஆளையும் காணோம் வண்டியையும் காணோம்.

மழையில் நனைந்துகொண்டு வெள்ளியங்கிரியும் டக்ளஸும் இரண்டு பேர் இழுக்கும் பழைய வாளால் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெட்டு முடிந்திருந்தது. இன்னொரு வெட்டும் முடிந்தால் நடுத்துண்டைப் பள்ளத்தில் உருட்டிவிடலாம். மரம் அறுக்கும் மெஷின், பவர்சா இருந்தால் இரண்டும் சேர்ந்து பத்து நிமிஷ வேலை. அந்த மலையில் பவர்சா வைத்திருந்த ஒரே ஆள் பரமசிவன். அது கோயமுத்தூரில் கம்பெனி சர்வீஸில் கிடந்தது. ஆறு வாரமாக.

அனுப்பியது கோகிலவாணிதான். பச்சைத் தேயிலை கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த பிறகு பரமசிவன் தன் அரை ஏக்கரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மரம் அறுக்கப் போனார். அந்த மெஷின்தான் சோறு போட்டது. பத்து மாதம் நன்றாக ஓடி, ஒருநாள் மோட்டார் இறுகிக்கொண்டது. கூட வேலை செய்யும் வெள்ளியங்கிரி ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றார்.

"நாலு ஸ்குரூ கழட்டினா என்னன்னு தெரிஞ்சு போயிருங் கண்ணு. மத்தியானத்துக்குள்ள ஓட்டிப்போடலாம்."

"கை வெக்காதீங்க மாமா. வெளியாள் தொறந்தா வாரண்டி செல்லாதுன்னு கார்டுல போட்டிருக்கு. ஓசியிலயே புது மோட்டார் போட்டுத் தருவாங்க."

குன்னூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். அடுத்தவர்களுக்கு நாளைக்குப் பத்து பாரம் நிரப்பிக் கொடுப்பவள். கார்டின் பின்பக்கப் பொடி எழுத்தை அவள் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்ல, பரமசிவனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா வெள்ளியங்கிரி! எம் பொண்ணு இல்லன்னா நம்மள ஏமாத்திருப்பானுங்க" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சாக்கில் கட்டி அவளே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போன். "மோட்டார் மேல இருந்து வரணும் மேடம்." அந்த மேல் எங்கே இருக்கிறதென்று போனில் பேசும் கம்பெனிப் பெண்ணுக்கே தெரியாது. விற்கும்போது வீட்டுப் படியேறி வந்து டீ குடித்த கம்பெனிக்காரன் இப்போது பெயரைச் சொன்னாலே லைனில் இருப்பதில்லை.

பாழாய்ப்போன படிப்பு, என்று நினைத்தாள் கோகிலவாணி. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஆகாதா? அந்த மனுஷன் நாலு ஸ்குரூவைக் கழற்றியிருப்பாரே.

வாள் வெட்டுக்குள் இறுகி நின்றது. "மச்சா, கடிச்சுக்கிச்சு!" என்று வெள்ளியங்கிரி கத்தினார்.

பரமசிவன் கண்ணைத் திறந்தார். ஜீப்பின் முன்கண்ணாடி வழியே மரத்தைப் பார்த்தார். "மேல... ஆப்பு அடிக்கச் சொல்லு" என்றார். "நடுவுல தொங்குது பாரு. மேலதான் கடிக்கும்."

அவள் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாள். ஆப்பு இறங்கும் சத்தம் கேட்டது. வாள் மறுபடி ஓடியது.

"பேசாதீங்கப்பா."

"கார்டு பத்திரமா இருக்கா?"

"எந்தக் கார்டு?"

"வாரண்டி கார்டு. பதினெட்டோட முடியுது, இன்னும் ஒரு வாரந்தான். நீ ஒரு போனப் போட்டு ஞாபகப்படுத்தும்மா. தேதி போச்சுன்னா இல்லேம்பான்."

"என்னாலதானப்பா. நான் அன்னைக்கு மாமாவ விட்டிருந்தா இந்நேரம்..."

"அட, சும்மா இரு" என்றார். மூச்சு வாங்கியது. "எழுதியிருக்கறதத்தான நீ சொன்ன."

பரமசிவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்திருந்தார். வெள்ளியங்கிரியின் உள்ளங்கை பிய்ந்து கைப்பிடியில் ரத்தம் ஒட்டியிருந்தது. துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு அவர் மறுபடி இழுத்தார். மரத்தில் முக்கால்வாசி போயிருந்தது. அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை. மாரியாத்தா, மாரியாத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணிக்கட்டில் இருந்த பிடி எப்போது தளர்ந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை. தலை அவள் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்று ஒரு நொடி நம்பினாள். "அப்பா" என்றாள். மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு வரவில்லை.

வெளியே யாரும் பார்க்கவில்லை. "இன்னும் நாலு இழுப்பு! இழுங்க!" என்று வெள்ளியங்கிரி டக்ளஸை விரட்டிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் இறக்கினாள். அந்தக் கைகளைப் பார்த்ததும் முடியவில்லை. கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டு அப்பாவின் மஃப்ளரை இறுக்கிச் சுற்றினாள். அவர் வாயை மெல்ல மூடிவிட்டாள்.

மரம் முறிந்தது. நாலைந்து பேர் சேர்ந்து தள்ள, நடுத்துண்டு தேயிலைச் செடிகளை நசுக்கிக்கொண்டு பள்ளத்தில் உருண்டது. ஒருவன் விசில் அடித்தான்.

"மச்சா, வழி ஆயிப்போச்சு! பயப்படாத மச்சா!" வெள்ளியங்கிரி ஓடிவந்து ஜீப்பின் பின்பக்கம் தொற்றிக்கொண்டார்.

டக்ளஸ் ஈரத்தோடு ஏறி ஸ்டார்ட் செய்தான். "பறந்துருவோம் வாணி. இருவது நிமிசத்துல ஆஸ்பத்திரில இருப்போம்."

"மெதுவாவே போங்கண்ணா" என்றாள் கோகிலவாணி.

டக்ளஸ் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தோளில் சாய்ந்திருந்த தலையைப் பார்த்தான். முதல் கியரிலேயே வண்டியை நகர்த்தினான். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட மரம், புது மரவாசனை. நடுவே ஜீப் நுழைந்து ஊர்ந்தது.

பின்னாலிருந்து வெள்ளியங்கிரி கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "என்னப்பா உருட்டற? வேகமா விடு! வேகமா விடப்பா!"