கெங்கவல்லி வண்டி

வேலுமணி ஊதுவிளக்கைப் பம்படித்துக்கொண்டிருந்தான். நீலத் தீ டிராக்டரின் மூக்கில் உரசிச் சீறியது. அதைக் காய்ச்சினால்தான் எஞ்சின் பிடிக்கும். பின்னால் டிரெய்லரில் அவன் அப்பா சின்னுசாமியைப் படுக்க வைத்தாகிவிட்டது. மாலைகளுக்குள் முகம் மட்டும் தெரிந்தது.

"ராகு காலத்துக்கு முன்னால வண்டி கிளம்பலீன்னா தோள்லதான் எடுக்கோணும்," என்றார் மயில்சாமி. இறந்தவருக்குப் பெரியப்பா மகன்.

சௌந்திரம் புருசனின் தலைமாட்டில் நின்றாள். அழுது முடித்திருந்தாள். எழுபத்துநாலில் அவர் முதல் பழைய டிராக்டரை இழுத்துவந்தபோது, காயலாங்கடைக்கா வாக்கப்பட்டேன் என்று சண்டை பிடித்தவள்தான். பிறகு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுக்க உட்கார்ந்தாள். அதோடு அவளுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டாவது வண்டிக்குப் பெயிண்டு நிறம் அவள் சொன்னது. இது மூன்றாவது, கெங்கவல்லிப் பக்கம் புளியமரத்தடியில் கிடந்த ஒற்றை சிலிண்டர் ஜெர்மன் வண்டி. கொட்டகைக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை தெருவில் விடுவதாக இருந்தார். வியாழன் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஊரே சிரித்த வண்டி. இன்றைக்கு ஓடாமல் போனால் செத்த மனுசனையும் சிரிப்பார்கள். அதை அவளால் தாங்க முடியாது.

வேலுமணி ஸ்டீயரிங்கைக் கழற்றி, எஞ்சினின் பக்கத்துச் சக்கரத்தில் செருகி ஆட்டினான். குப்பென்று புகை வந்தது. டும், டும் என்று தரை அதிர்ந்தது. தப்பு அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டீயரிங்கைத் திரும்பப் பொருத்தி முதல் கியரைப் போட்டான்.

வண்டி பின்னால் நகர்ந்தது. டிரெய்லர் கோணிக்கொண்டு வாசற்படியில் போய் முட்டியது. போக மனசில்லாமல் ஊட்டுக்குள்ளயே வாரான் என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, பெண்கள் கதறினார்கள். மயில்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். வேலுமணியின் கை எஞ்சினை அணைக்கப் போயிற்று.

சௌந்திரத்துக்குப் புரிந்துவிட்டது. கொட்டகையிலும் இந்தக் கழுதை இப்படித்தான் ஒருமுறை எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, பின்னால் போய்ச் சுவரை இடித்தது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அணைத்தால் மறுபடி காய்ச்ச நேரமில்லை.

"அணைக்காத சாமி. இஞ்சின் திரும்பிச் சுத்துது. ரிவர்ஸ்ல போடு, முன்னால போவும்."

"ரிவர்ஸ்லயா பொணத்தைக் கொண்டுபோறது?" என்றார் மயில்சாமி.

"அவரு முன்னாலதானுங்க மாமா போறாரு."

வண்டி முன்னால் போயிற்று. ரிவர்ஸுக்கு ஒரே ஒரு கியர்தான், ஆள் நடக்கிற வேகம். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. மயில்சாமி மட்கார்டைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட்டார்கள். கூட்டம் கலைந்தது. நாத்தனார் ராசம்மாள், தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம் வா என்று சௌந்திரத்தின் கையைப் பிடித்தாள். சௌந்திரம் நகரவில்லை. சுடுகாட்டுப் பக்கமிருந்து டும், டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"செத்த இரு கண்ணு. இன்னும் ஓடுது."