எல்லாவற்றையும் மாற்று

வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவனுக்குத் தேடி மாற்றும் கட்டம்தான் வலது கை. பழைய வாடகை ஒப்பந்தத்தைத் திறப்பான். போன வீட்டுக்காரர் பெயரைத் தேடச் சொல்லி, புது வீட்டுக்காரர் பெயரைப் போடச் சொல்லி, 'எல்லாவற்றையும் மாற்று' என்று ஒரே தட்டு. காபி ஆறுவதற்குள் பத்திரம் தயார். இதில் ஆள் கில்லாடி, வக்கீலே ஒப்புக்கொள்வார். அந்தக் கில்லாடித்தனத்தைச் சொந்த வீட்டில் காட்டினான் பாருங்கள், அதுதான் கதை.

அவன் அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மறதி. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்பதில் ஆரம்பித்து, அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லையே என்று வாசலைப் பார்ப்பது வரைக்கும் வந்துவிட்டது. ஞாபகம் இருக்கும்போதே பழசையெல்லாம் சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள், தினமும் படித்துக் காட்டுங்கள், அவங்களுக்குப் பிடிமானமா இருக்கும் என்றார் டாக்டர். அம்மாவும் ஆசையாகச் சொன்னாள், இவன் லேப்டாப்பில் தட்டினான். பிள்ளைகள் இரண்டே பேர். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பெரியவன், சின்னவன், அவ்வளவுதான். இவன் சின்னவன்.

அங்கேதான் வினை. பக்கத்துக்குப் பக்கம் பெரியவன். படிப்பை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனது பெரியவன். அப்பா கண்ணை மூடியபோது ஓடியாடி எல்லாம் பார்த்தது பெரியவன். சின்னவன் எங்கே வருகிறான்? காய்ச்சலில் கிடந்தான், செருப்பைத் தொலைத்தான், அழுதான். சரி, இப்போது அவளைக் குளிப்பாட்டுவது யாராம்? மாத்திரை கொடுப்பது யாராம்? அப்பாவைத் தேடி எங்கேயோ கிளம்புகிறவளைக் கையைப் பிடித்து உட்கார வைப்பது யாராம்? பெரியவன் வெளியூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், நாலு நாள் இருப்பான், கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறுவான். இவனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

கடைசிப் பக்கம் முடிந்த அன்று, "பெரியவன் மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்று சொல்லிவிட்டு, இவன் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தாள் அம்மா. அவ்வளவுதான், புத்தி புல் மேயப் போய்விட்டது. தேடு: பெரியவ. மாற்று: சின்னவ. வார்த்தையின் தலையை மட்டும் கொடுத்தால் போதும். பெரியவன், பெரியவனை, பெரியவனுக்கு எல்லாம் ஒரே வலையில் விழும். தொழில் தெரிந்தவன் அல்லவா! எத்தனை இடத்தில் மாற்றியது என்று கணினி சொன்னதைக்கூடப் பார்க்காமல் சேமித்து மூடினான். மறுநாள் ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, அம்மாவின் தலைமாட்டில் வைத்தான்.

முதல் தடவை படித்துக் காட்டியபோது அம்மா நெற்றியைச் சுருக்கினாள். ஒர்க்‌ஷாப்புக்குப் போனது பெரியவன் இல்லையா என்று கேட்டாள். புத்தகத்தில் இப்படித்தானே இருக்கிறது என்றான் இவன், கண்ணைத் தூக்காமல். அப்போ எனக்குத்தான் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு அவள் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

திருப்பி மாற்றிவிடலாம் என்று கட்டத்தைத் திறந்தான். அப்போதுதான் உறைத்தது. இப்போது எல்லாமே சின்னவன். திருப்பினால் எல்லாமே பெரியவன் ஆகிவிடும், இவன் காய்ச்சலும் இவன் செருப்பும் உட்பட. எது யாருடையது என்று அதற்கு என்ன தெரியும்? ஒவ்வொரு இடமாக உட்கார்ந்துதான் திருத்தியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. அம்மா சந்தேகம் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். ஒரே ஒரு இடம் மட்டும் இவன் வாயில் வராது, நைசாகத் தாண்டிவிடுவான். மற்றதெல்லாம் படிக்கப் படிக்க, வெட்கக்கேடு, கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

அந்த வருஷத்து லீவில் அண்ணன் வந்தான். அம்மா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். உன் தம்பி எனக்கு என்னவெல்லாம் செஞ்சிருக்கான் பாரு, வாய்விட்டுப் படி என்றாள் பெருமையாக. மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தவனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். சின்னவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். அண்ணன் குரல் லேசாகத் தடுக்கியது, அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். அப்புறம் அந்த இடம் வந்தது. "அன்னைக்கு நல்ல மழை. சின்னவனுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. பஸ் இல்லை. சின்னவன் சின்னவனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்."

நிறுத்தினான். தம்பியை நிமிர்ந்து பார்த்தான். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கண்ணாடி மங்குது."

துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் படித்தான், ஒரு வரி விடாமல். மூடி வைத்துவிட்டு, "ஆமாம்மா. எல்லாம் அவன்தான் செஞ்சான்" என்றான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனான்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இவனுக்குத் தாங்கவில்லை. கூனிக் குறுகி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"அம்மா, அது எதையும் நான் செய்யல. எல்லாம் அண்ணன் செஞ்சது. என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினதும் அவன்தான். நான்தாம்மா புத்தகத்துல மாத்திட்டேன்."

அம்மா அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். பாவம், பிள்ளை எதற்கு அழுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

"சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தான்டா," என்றாள். "செஞ்சதை வெளியில சொல்லிக்கவே மாட்ட."