வெளுத்துக்கொண்டே போகும் வரிசை

பாடநூலுக்குப் படம் வரைபவள், மனிதன் தோன்றிய கதையைக் கிளை விட்ட மரமாக வரைந்து பதிப்பாசிரியரின் மேசையில் வைத்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"மரமெல்லாம் எதுக்கும்மா? குரங்குலேர்ந்து வரிசையா நிறுத்து. வரவர வெளுத்துக்கிட்டே போகணும். காலங்காலமா அப்படித்தான் போடுறாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மண்டை ஓட்டை அளந்து, கறுத்தவங்களை அடிமைப்படுத்தினதுக்கு நியாயம் தேடினவங்க கட்டின வரிசை சார் அது! அந்தப் பொய்யையா பிள்ளைங்களுக்குக் கொடுப்பீங்க?"

"பொதுவாச் சொன்னா நீ ஏன் உன் மேல எடுத்துக்கறே?"

"என் தோலைத்தானே குரங்குக்குப் பக்கத்துல நிறுத்தச் சொல்றீங்க?"

படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினாள். புத்தகம் வேறொருவர் வரைந்த வரிசையோடு வந்தது. அவள் மகளுக்கும் பள்ளியில் அதையே கொடுத்தார்கள். மறுநாள் காலை, சுருட்டி வைத்திருந்த மரப் படத்தோடு அவளே போய்த் தலைமையாசிரியரின் அறைக்கதவைத் தட்டினாள்.