மூன்றாம் தாள்

கல்லை ஓங்க வேண்டாம், வைத்து அழுத்தினால் போதும், கறுத்த ஓடு இரண்டாகப் பிளந்து உள்ளே இருந்து மாவு வெள்ளையாய் உதிரும், ஆட்காட்டி விரலில் தொட்டு அவள் கன்னத்தில் வைக்கிறேன், இந்தப் பக்கம் முடிந்தது, அந்தக் கன்னத்தைக் காட்டு, அவள் கண்ணை இறுக்க மூடி மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள், நாலு மணி, புறவாசலில் அந்திமந்தாரை ஒவ்வொன்றாக வாய் திறக்கிறது, ஒரே செடியில் ஒரு பூ மஞ்சள், ஒரு பூ ரோஸ், இன்னொன்று இரண்டும் தெளித்தாற்போல, கோமுவுக்கு ஏழு வயது, எனக்குப் பதினாறு, அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிறது, தங்கச்சிக்குப் பவுடர் பூசவேண்டும் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தோன்றாது, அதனால் எங்கள் வீட்டில் விதைதான் பவுடர். ஏக்கா, நான் செவப்பாயிட்டேனா. ஏட்டி ஆடாத, வெள்ளைக்காரி உங்கிட்ட தோத்துப் போயிட்டா. அவள் சிரிப்பில் கன்னத்து மாவு உதிர்ந்து என் மணிக்கட்டில் விழுகிறது, இப்போதும் விழுகிறது, கையைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை, சுருக்கம்தான் இருக்கிறது.

அந்தச் செடியை யாரும் நட்டதில்லை, அது தானாக வந்தது, கோடையில் தரையோடு காய்ந்துபோகும், செத்துவிட்டது என்று நினைத்தால் முதல் மழைக்கு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து திரும்ப முளைக்கும், நான்தான் பாத்தி கட்டி, வரிசை பிடித்து, நிறம் பார்த்துப் பிரித்து, விதையை அடுப்புச் சாம்பலில் பிரட்டி டப்பாவில் போட்டு, மூடியில் மாசமும் வருஷமும் எழுதி வைப்பேன், சாம்பலில் பிரட்டினால் பூச்சி அண்டாது, எனக்கு எதையும் அப்படி முறையாகச் செய்தால்தான் மனசு ஆறும். கடுதாசியும் அப்படித்தான். ஏழாம் வகுப்பில் தமிழ் வாத்தியார் கரும்பலகையில் கட்டம் போட்டுச் சொல்லித்தந்தார், வலது மூலையில் இடம், அதன் கீழே நாள், பிறகு விளித்தல், முதலில் நலம், அப்புறம் சேதி, கூட எதையாவது வைத்து அனுப்பினால் அதைக் கடைசியில்தான் எழுதவேண்டும். நான் ஒரு நாளும் மாற்றியதில்லை. கல்யாணமாகிப் போன பதினோராம் மாசம் அவர் வயலில் பாம்பு கடித்து இறந்து, நான் வெறுங்கழுத்தோடு இந்த வீட்டுக்கே திரும்பி வந்தபோதுகூட, அந்தச் சேதியைச் சித்தப்பாவுக்கு எழுதிய கடுதாசியில் முதல் வரி, நலம், நலமறிய ஆவல்.

கோமுவைக் கம்பத்துக்குப் பக்கத்தில் கொடுத்தோம், மாப்பிள்ளை பேர் சுருளிவேல், நல்ல மாதிரி, அவளை வண்டி ஏற்றிவிட்ட மாசியில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார், பிறகு நானும் செடியும் கடுதாசியும்தான், ஒவ்வொன்றுக்கும் எண் போடுவேன், தாளுக்கும் எண் போடுவேன், ஒன்று, இரண்டு, மூன்று. அவள் எண்ணெல்லாம் போட மாட்டாள், நாளே போட மாட்டாள், அக்கா நீ எழுதுறது கடுதாசியா தாலுக்கா கச்சேரி நோட்டீஸா என்று கேட்டு எழுதியிருந்தாள், அதே கடுதாசியில்தான், ஏழு மாசம் ஆச்சுக்கா, இந்த வீட்டுப் பின்னாடி வெறுந்தரையா கெடக்கு, ஒரு பூ கிடையாது, சாயங்காலமானா நம்ம புறவாசல்தான் கண்ணுக்குள்ள வருது, அத்தைக்கு என்னைக் கண்டாலே ஆகலை, நீ வந்து பாத்துட்டுப் போ என்று இருந்தது. நான் எப்படிப் போவேன், வளைகாப்பு வீட்டுக்கு என்னை மாதிரி ஒருத்தி போய் நின்றால் அவள் மாமியார் முகம் எப்படிப் போகும், ஆகவே பூவை அனுப்பலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து முப்பத்தொன்றாம் கடுதாசியை எழுதினேன், முதல் தாள் முழுக்க அவள் உடம்பு, இரும்புச்சத்து, எந்தப் பக்கம் சரிந்து படுக்கவேண்டும், இரண்டாம் தாள் ஊர்ச்சேதி, அதன் கடைசி வரியில்தான் வைத்து அனுப்புவதைத் தொடங்கினேன். மாசத்துக்கு ஒன்றாக ஏழு விதை எண்ணினேன், அவளுடைய பழைய சிவப்புத் தாவணியில் ஒரு துண்டு கிழித்தேன், பார்த்ததும் தாவணி என்று கண்டுகொள்வாள், சிரிப்பாள் என்று, சாம்பலைத் தட்டாமல் அப்படியே முடிந்தேன்.

எங்கள் ஊரில் தபால் பை கட்டுவது நாலு மணிக்கு. பூ வாய் திறக்கிற நேரம் பையின் வாயைக் கட்டுவார்கள், இதைக் கோமுதான் சின்னதில் சொல்லுவாள். நான் போனபோது நாலுக்கு ஐந்து நிமிஷம், போஸ்ட் மாஸ்டர் இசக்கியா பிள்ளை உறையைத் தராசில் வைத்தார், தட்டு இறங்கிவிட்டது, என்ன தாயி, லெட்டருக்குள்ள அம்மிக்கல்ல வச்சிருக்கியா என்றார், இன்னொரு தபால்தலை ஒட்டணும், தலை தீர்ந்துபோச்சு, நாளைக்குத்தான் வரும். நாளைக்குச் சனி, அதன் மறுநாள் ஞாயிறு, இன்று விட்டால் அவள் கைக்குப் போய்ச் சேரச் செவ்வாய் ஆகிவிடும், பை கட்டுகிறவர் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார், நான் உறையைப் பிரித்தேன், எதை எடுக்க, முடிச்சையா, அதை எடுத்தால் கடுதாசியே எதற்கு, ஆகவே கடைசித் தாளை, மூன்றாம் தாளை எடுத்தேன், நாளைக்கு முப்பத்திரண்டாக இதை அனுப்பினால் ஆச்சு, கோமுவுக்குத் தெரியாத விதையா. தராசுத் தட்டு மேலே எழும்பியது, உறையை ஒட்டிவிட்டேன். எத்தனையோ தடவை கனவில் நான் முதல் தாளை எடுக்கிறேன், இரும்புச்சத்தை எடுக்கிறேன், தட்டு எழும்பவே மாட்டேன் என்கிறது, இசக்கியா பிள்ளை இன்னும் இன்னும் என்கிறார், பைக்குள்ளே பூ விரிகிற சத்தம் கேட்கிறது, பூவுக்கு ஏது சத்தம்.

மறுநாளே மூன்றாம் தாளை முப்பத்திரண்டு என்று எண்ணிட்டு அனுப்பினேன். பதினோராம் நாள் சுருளிவேல் வந்தார். படி ஏறவில்லை, வேலிப் படலுக்கு வெளியே நின்றார், வாங்க என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தார், தண்ணீர்ச் செம்பை நீட்டினேன், வேண்டாம் மதினி என்றார், அவர் நெற்றியில் துன்னூறு பட்டையாக இருந்தது. குழந்தை ஏழு மாசத்தில் பிறந்து போய்விட்டது, ஆண் குழந்தை, கடுதாசி வந்த அன்று மத்தியானம் வலி எடுத்திருக்கிறது. கடுதாசியை முதலில் பிரித்தது அவருடைய அம்மா, உறையைக் கவிழ்த்ததும் சாம்பலோடு சிவப்பு முடிச்சு விழுந்திருக்கிறது, அவிழ்த்தால் மந்திரித்த மிளகு மாதிரி ஏழு, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கடுதாசியைப் படிக்கச் சொல்லியிருக்கிறார், அவன் இரண்டாம் தாளின் கடைசி வரியைப் படித்திருக்கிறான். சுருளிவேல் அந்தத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார், என் கையெழுத்து, முத்து முத்தாக, ஒரு அடித்தல் கிடையாது. ஏழு எண்ணி இந்தச் சிவப்புத் துணியில் முடிந்துவிட்டேன், உன் வயிற்றில் இருப்பது. அதோடு தாள் தீர்ந்திருந்தது.

எழுந்து நடக்கும்போது புறவாசலெல்லாம் பூத்துக் கிடக்கும், அதுதான் அடுத்த வரி, மூன்றாம் தாளின் முதல் வரி, நான் அதைச் சத்தமாகச் சொன்னேன், உன் வயிற்றில் இருப்பது எழுந்து நடக்கும்போது, திரும்பச் சொன்னேன், அந்தத் தாள் வந்திருக்குமே, அனுப்பினேனே. வந்துச்சு மதினி, அம்மா பிரிக்கவிடலை, திருப்பிவிட்ருச்சு. குறி சொல்கிற கோடாங்கிகிட்டக் கேட்டிருக்கிறார்கள், பிள்ளையில்லாத கை, வயிற்றைக் கட்டியிருக்கு என்று அவன் சொல்லியிருக்கிறான். நான் சுருளிவேலின் கையைப் பிடிக்காத குறையாகப் புறவாசலுக்குக் கூட்டிப் போனேன், நாலு மணிகூட ஆகவில்லை, பூவெல்லாம் மூடித் தொங்கியது, செடியில் இருந்து ஒரு விதையை உருவி, கல்லில் வைத்து உடைத்து, பாருங்க, மாவு, சின்னப்பிள்ளையில இதைத்தான் அவளுக்குப் பூசுவேன் என்றேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார், விரலில் தொட்டு முகர்ந்துகூடப் பார்த்தார். எனக்குப் புரியுது மதினி, என்றார். அப்போது கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம், இன்றைக்கும் நினைக்கிறேன், கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு தங்கச்சி மிச்சம் இருந்திருப்பாள். கோமுகிட்டக் கேட்டீங்களா, அவளுக்குத் தெரியுமே இது என்னன்னு.

காட்டினோம் மதினி. கையில வாங்கிப் பாத்தா. தெரியலைன்னுட்டா.

அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் திரும்பி வந்தது, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு, உறையின் மேல் வாங்க மறுப்பு என்று சிவப்பு மையில் எழுதி, நாற்பத்தாறுவரை எழுதினேன், எல்லாவற்றையும் எண் வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறேன், முறை தவறவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஒவ்வொரு விதமாக வைத்துப் பார்க்கிறேன், பிள்ளையைப் பறிகொடுத்து ரத்தப்போக்கில் கிடந்தவளுக்கு என்ன கண் தெரியும், மாமியார் பக்கத்தில் நின்றிருப்பாள், அந்த வீட்டில்தானே அவள் இருக்கவேண்டும், இல்லை, தான் பிள்ளையைத் தாங்கவில்லை என்ற பேச்சு வருமுன் வேறு யார் மேலாவது போகட்டும் என்று, இருக்கட்டும், என் மேல்தான் போகட்டும், நான்தானே வளர்த்தேன், இப்படியெல்லாம் ஒரு வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன், செடியைக் கிழங்கோடு தோண்டி எறிந்தேன், அடுத்த ஐப்பசியில் எறிந்த இடத்திலும் முளைத்தது, தோண்டிய இடத்திலும் முளைத்தது.

போன ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தண்ணீர் விடப் பாபநாசம் போயிருந்தேன், படித்துறையில் ஈரச்சேலையோடு திரும்பினால் நாலு படி மேலே கோமு நிற்கிறாள், கொஞ்சம் பருத்திருக்கிறாள், காதோரம் நரைத்திருக்கிறது, இடுப்புச்சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை, ஐந்தாறு வயசிருக்கும், அதே மூக்கு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்க்கிறது, இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு ஒன்று தங்கியிருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏட்டி கோமு என்றுதான் வாய் வந்தது, வந்ததா, மனசுக்குள் சொன்னேனா, அவள் என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரியாத பார்வை இல்லை, நன்றாகத் தெரிந்த பார்வை, பயம் இருந்தது அதில், நடிப்பு இல்லை, மாமியார் பக்கத்தில் இல்லை, யாரும் இல்லை, முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள், மூடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன், கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு, விதை அளவுக்கு. தெரியலை என்று முதலில் சொன்னது பொய்யாக இருந்திருக்கலாம், சொல்லிச் சொல்லி அது அவளுக்கு நிஜமாகிவிட்டது, அதைத் திருத்தி எழுத எந்தத் தாளிலும் இடம் இல்லை. நான்தான் முதலில் திரும்பி நடந்தேன், குழந்தைக்கு மூச்சு முட்டிவிடக் கூடாதே என்று.

பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தபோது நாலு மணி, பை கட்டியிருப்பார்கள், பூ ஒவ்வொன்றாக வாய் திறந்தது, விதைகள் கீழே உதிர்ந்து கிடந்தன, ஒன்றை எடுத்துக் கல்லில் வைத்து அழுத்தினேன், எப்போதும்போல, தினமும்போல, ஓடு பிளந்து மாவு வந்தது, ஆட்காட்டி விரலில் தொட்டேன், கை தானாக நீண்டு என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஏழு வயசுக் கன்னத்தின் உயரத்தில் நின்றது, அந்தப் பக்கத்தைக் காட்டு, யாரும் காட்டவில்லை, விரலைப் புறவாசல் சுவரில் துடைத்தேன், அங்கே அந்த உயரத்தில் ஏற்கெனவே, எத்தனை வருஷமாகவோ துடைத்துத் துடைத்து, ஒரு கன்னம் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது.