சிவப்பு பனியன்காரர்கள்

மாப்பிள்ளையைப் பார்க்க அழகம்மாளுக்குக் கிடைத்தது ஒரே வாய்ப்பு. அதுவும் அவன் சைக்கிளில் பறக்கும்போது. பெண் பார்க்கக் காட்டூரிலிருந்து அவனுடைய அம்மாவும் அக்காவும் மட்டும்தான் வந்தார்கள். மாப்பிள்ளை வீரமலை, சைக்கிள் கம்பெனி ஒன்று சம்பளம் கொடுத்து வைத்திருந்த பந்தயக்காரன்.

"மெட்ராஸ்லேருந்து வர்ற பந்தயம் உங்க வாசல் வழியாத்தானே திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகுது. பொண்ணு அன்னிக்குப் பார்த்துக்கட்டும். சாயங்காலமே பதில் சொல்லிடுங்க. சிவப்பு பனியன் போட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் அழகம்மாள் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தது ஏதோ ஒரு பிரெஞ்சு நாவலின் தமிழாக்கம். அதிலும் கடற்கரை ஊர் ஒன்றின் வழியே சைக்கிள் பந்தயம் போகும். பெண்கள் மாடியிலிருந்து கைக்குட்டை ஆட்டுவார்கள். ஒருவன் மட்டும் நிமிர்ந்து ஒருத்தியைப் பார்ப்பான். அழகம்மாள் கடலைக் கண்டதில்லை. அவள் ஊரான திருவானைக்காவலுக்கு இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். இரண்டையும் சேர்த்துக் கடலாக்கிக்கொண்டு, பந்தயத்தன்று வாசலில் நின்றாள்.

சித்திரை வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்குக் கால் சுடக் கூடாதென்று தெருப்பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிற மாதம். அம்மா வீராயியும் பக்கத்து வீட்டு மாரியாயியும் அன்றைக்கும் குடங்களோடுதான் நின்றார்கள்.

"அம்மா, இவங்க கால்தான் தரையிலயே படாதே!"

"போடி. சமயபுரத்தைத் தாண்டி இந்த வெயில்ல மிதிச்சுக்கிட்டு வருதுங்க. சக்கரம் மட்டும் சுடாதா?"

"மாப்பிள்ளைக்கு நாம ஊத்தாம வேற யாரு ஊத்துவா?" என்றாள் மாரியாயி.

விசில் கேட்டது. ஒரு ஜீப் போயிற்று. பின்னாலேயே சிவப்பு பனியன் வந்தது. ஒன்றல்ல, ஒரு கூட்டமே சிவப்பு. கம்பெனி எல்லாருக்கும் ஒரே துணியில் தைத்துக் கொடுத்திருந்ததை யாரும் சொல்லவில்லை. முகமெல்லாம் புழுதி. இவனா, அவனா என்று அழகம்மாள் கண்ணை ஓட்டுவதற்குள் தெரு நெடுகக் குலவையோடு குடங்கள் கவிழ்ந்தன.

அவளுக்கு முன்னால் ஒரு சிவப்பு பனியன் சறுக்கி விழுந்தது.

"யாருங்க தண்ணி ஊத்துனது?"

அம்மா தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான்தாங்க" என்றாள் அழகம்மாள். ஏன் சொன்னாளென்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தாள். சிரித்துவிட்டான். "ரொம்பப் புண்ணியமாப் போச்சு. இந்த ஹேண்டில்பாரைக் கொஞ்சம் பிடிங்க."

அவள் பிடித்துக்கொண்டாள். கழன்ற செயினை மாட்டினான். முழங்காலில் ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் ஏறிப் போய்விட்டான். பெயரைக் கேட்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. அவன் வீரமலையாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். இல்லையென்றால், முகம் தெரியாத ஒருவனுக்குச் சரி என்று எப்படிச் சொல்வது?

சாயங்காலம், சம்பந்தம் பேசிய காளியாயி அத்தை சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"பார்த்தியாடி? பிடிச்சுதா?"

"முழங்கால்ல அடிபட்டவர்னா சரின்னு சொல்லிடுங்க அத்தை."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா அடையாளம் சொன்னே! காவிரிப் பாலம் தாண்டி வந்த சிவப்பு பனியன்ல பாதிப்பேருக்கு முழங்கால்ல கட்டு. திருவானைக்கா பொம்பளைங்க பந்தயத்தையே கவுத்துட்டாங்கன்னு சத்திரத்துல ஒரே ஏச்சு. வீரமலையும் கட்டோடதான் உட்கார்ந்திருந்தாரு."

"கோவமாவா, சிரிச்சுக்கிட்டா?"

"அதை நான் என்னத்தைக் கண்டேன்? காட்டூர்க்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

 அந்த நாவலில் நிமிர்ந்து பார்த்தவன் ஒருவன்தான். அவன் யாரென்று அந்தப் பெண் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க அத்தை. அவரை ஒருதரம் வரச் சொல்லுங்க" என்றாள். பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "நடந்தே வரட்டும்."